அழியாத ஏட்டில் எழுதப்படும் பழி

மணப்பந்தலில் மணக்கோலத்தோடு நின்ற நம்பியாரூரரை, ‘இவன் எனக்கு அடிமை’ என்று முதியவர் ஒருவர் வந்து வழக்கிட்ட வரலாற்றைச் சேக்கிழார் பெரிய புராணத்தில் விரித்துரைக்கின்றார். தமிழாசிரியர் அனைவரும் வகுப்பில் பன்முறை எடுத்துரைத்த வரலாறே அது. ஆயினும் அதனுள் அமைந்த வழக்காடு முறையைத் தனியே பிரித்து நோக்குவோர் சிலரே. ஆரூரர் வெகுண்டார், முதியவரைப் பித்தர் என்றார், அவர் கையிலிருந்த ஓலையைப் பறித்துக் கிழித்தெறிந்தார். அத்துடன் பழி ஒழிந்தது என்றே பந்தலில் இருந்தோருட் சிலர் எண்ணியிருப்பர். ஆனால் கிழிந்தது படி ஓலை. மூல ஓலை முதியவரிடமே இருந்தது. திருவெண்ணெய்நல்லூர் அவையத்தார் அம்மூல ஓலையைக் கரணத்தானைக் கொண்டு படிக்கச் செய்தனர். அதிலிருந்த கையெழுத்தை, ஆரூரரின் பாட்டனார் எழுதியதாகக் காப்பில் இருந்த வேறோர் எழுத்தோடு ஒப்பு நோக்கினர். இரண்டும் ஒத்திருக்கக் கண்ட பின்னரே தீர்ப்புரைத்தனர்.

இவ்வரலாற்றின் சமயப் பொருள் வேறு. பழியைத் தாங்கிய ஓலையைக் கிழிப்பதனால் பழி கிழிந்துவிடாது என்பதும், எழுத்துக்கு எழுத்தே சான்றாக நின்றது என்பதுமே ஈண்டுக் கருதத்தக்கவை. ஏனெனில், ஓலைக்குப் படி ஒன்றிரண்டு இருந்த காலம் போய், ஓர் ஏட்டிற்கு உலகெங்கும் எண்ணற்ற படிகள் ஒரே நேரத்தில் இருக்கும் காலம் வந்துள்ளது. அத்தகைய ஏட்டின்மேல் அமைந்த எழுத்துக் குழுக்களும் தோன்றியுள்ளன. அங்கே ஒருவர் மீது பழி எழுந்தால் அவர் எவ்வாறு விடையிறுப்பது, கேட்போர் எவ்வாறு ஆராய்வது என்பது புதிய சிக்கலாகும்.

‘பிளாக்செயின்’ என்னும் சொல் இன்று கைப்பேசி வைத்திருக்கும் மாணவர் நாவிலெல்லாம் வழங்குகின்றது. அதனைச் சங்கிலி ஏடு எனலாம். பள்ளியின் வருகைப் பதிவேட்டை நன்கறிந்த ஆசிரியர்க்கு இதனை விளக்குதல் எளிது. பதிவேட்டில் பிழை நேர்ந்தால் அழிப்பானால் தேய்த்து எழுதுதல் கூடாது. பிழை தெரியுமாறு ஒரு கோடிட்டு, மேலே திருத்தம் எழுதி, சுருக்கொப்பம் இடல் வேண்டும். சங்கிலி ஏட்டிலும் பழைய எழுத்து அப்படியே நிற்கும்; திருத்தம் அதன்பின் எழுதப்படும். ஒவ்வோர் ஏட்டுப் பக்கமும் தனக்கு முந்திய பக்கத்தின் கணித அடையாளத்தைத் தன்னுள் தாங்கியிருப்பதால், இடையில் ஒரு பக்கத்தை மாற்றினால் அதற்குப் பின்னுள்ள பக்கங்கள் யாவும் பொருந்தாமற் போய்விடும். அவ்வாறு மாற்றிய ஏட்டைப் பிற படிகளை வைத்திருப்போர் ஏற்கமாட்டார்.

தோட்டப்புற வாழ்வோடு ஒப்பிட்டால் வேற்றுமை இன்னும் தெளிவாகும். பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து வேலைக்குச் சென்ற தொழிலாளி அன்று முழு நாள் உழைத்தாரா, அரை நாள் உழைத்தாரா என்பதற்குக் கிராணியார் கையிலிருந்த செக்ரோல் ஒன்றே சான்று. அதற்குப் படி கிடையாது. எழுத்தறியாத் தொழிலாளி மீது, ‘நேற்று நீ வரவில்லை’ என்று குற்றம் எழுந்தால், அவர் தம் வியர்வையைத் தவிர வேறு எதனைக் காட்டுவார்? ஏடு ஒருவர் கையில் இருந்தமையால் நீதியும் அவர் கையில் இருந்தது. சங்கிலி ஏட்டின் சிறப்பு, அந்தச் செக்ரோலின் படி விரும்பிய ஒவ்வொருவர் கையிலும் இருத்தலே. அதன் இடர்ப்பாடும் அதுவேயாகும். பொய்யாக எழுதிய குற்றச்சாட்டின் படியும் அதே போல் எல்லார் கையிலும் நிலைத்துவிடுகின்றது.

இத்தகைய ஏட்டின்மேல் எழுத்தாளர் குழு அமைத்தவற்றுள் முன்னோடியாகக் கூறத்தக்கது ஸ்டீம் என்பதாம். நெட் ஸ்காட், டான் லாரிமர் ஆகிய இருவர் நிறுவிய ஸ்டீமிட் நிறுவனம் 2016 மார்ச் மாதத்தில் இதனைத் தொடங்கிற்று. மூன்று வினாடிக்கு ஒரு பக்கம் என்னும் விரைவில் ஏடு வளரும். ஒருவர் கட்டுரை எழுதினால், படித்தவர் வாக்களிப்பர். ஏழு நாட்களில் அவ்வாக்குகளுக்கு ஏற்ப, ஸ்டீம் என்னும் எண்ணியல் நாணயத்தில் பரிசு கிட்டும். அப்பரிசில் எழுதியவர்க்குப் பாதி, வாக்களித்தவர்க்குப் பாதி என்னும் முறை 2019 ஆகஸ்டு முதல் வந்தது. எழுத்துக்கு உடனே பொருள் என்னும் இவ்வழக்கம் பல நாட்டாரையும் ஈர்த்தது.

எழுத்தில் பொருள் வந்தவுடன் குற்றமும் உடன் வந்தது. பிறர் கட்டுரையை எடுத்துத் தம் பெயரில் இடுதல், வேற்றுமொழிக் கட்டுரையை மொழிபெயர்த்து மூலத்தை மறைத்தல், ஒருவரே பல பெயர்களில் கணக்குத் தொடங்கித் தமக்குத் தாமே வாக்களித்தல், நண்பர் சிலர் கூடி ஒருவர்க்கொருவர் முறைவைத்து வாக்களித்தல் என அக்குற்றங்கள் பலவகைப்படும். மொழிபெயர்ப்பு பற்றிய குற்றம் தமிழில் எழுதுவோர் சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்கி, மூல ஆசிரியர் பெயரை விடுத்து வெளியிடுவதனை நம்மவருட் பலர் களவென்றே கருதுவதில்லை. அக்குழுவினர் அதனைக் களவு என்றே கொள்வர்.

இக்குற்றங்களைக் கண்டுபிடிக்கக் காவலர் எவரும் நியமிக்கப்படவில்லை. உறுப்பினர் சிலர் தாமே முன்வந்து அப்பணியை மேற்கொண்டனர். ‘சீட்டா’ என்னும் பெயர் கொண்ட தன்னியக்க நிரல் ஒன்று, புதிய கட்டுரையின் வாசகம் வேறிடத்தில் காணப்பட்டால், ஒத்த எழுத்து இன்ன இடத்தில் உள்ளது என்று அக்கட்டுரையின் அடியிலேயே குறிப்பு எழுதிச் சென்றது. களவு கண்டு பிடிபட்டோர் பலர். ஆனால் தாம் பல்லாண்டுகளுக்கு முன் தம் சொந்த வலைப்பக்கத்தில் எழுதியதனையே மீண்டும் இட்டவர்களும் அதே வலையில் சிக்கினர். நிரலுக்கு இரண்டு எழுத்தும் ஒத்தவை என்பது தெரியும். இரண்டையும் எழுதிய கை ஒன்றே என்பது தெரியாது.

குற்றம் எனக் கருதினால் தண்டனை என்ன? அங்கே நீதிமன்றம் இல்லை. எதிர்வாக்கு ஒன்றே உண்டு. அவ்வெதிர்வாக்கு கட்டுரையின் பரிசைக் குறைக்கும். சில வேளைகளில் இல்லாமலே ஆக்கும். மேலும், ஒவ்வோர் உறுப்பினர்க்கும் நன்மதிப்பு எண் ஒன்று உண்டு. அது 25இல் தொடங்கும். தம்மினும் உயர்ந்த நன்மதிப்பு எண் உடையவர் எதிர்வாக்கு இட்டால் அது இறங்கும். தாழ்ந்த எண்ணுடையார் இட்டால் உயர்ந்தவர் எண் இறங்குவதில்லை. மிகத் தாழ்ந்தவர் எழுத்து திரையில் மறைக்கப்படும். ஏட்டில் அது இருக்கும். படிப்பவர் கண்ணுக்கு எளிதில் தென்படாது, அவ்வளவே.

இம்முறையில் பெருங்குறை ஒன்றுண்டு. வாக்கின் எடை ஆளைப் பொறுத்ததன்று, முதலைப் பொறுத்தது. ஏட்டில் அதிக நாணயத்தைப் பூட்டி வைத்தவர் வாக்கு அதிக எடை பெறும். உத்திரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறித்த கல்வெட்டுகள் குடவோலை முறையை விளக்குகின்றன. அங்கும் வாரியப் பெருமக்களாகத் தகுதி பெற நிலமும் கல்வியும் வேண்டப்பட்டன என்பது உண்மையே. ஆயினும், குடத்தில் இட்ட ஓலைகளுள் செல்வர் பெயர் எழுதிய ஓலை பெரிது, மற்றையோர் ஓலை சிறிது என்னும் வழக்கம் இருந்ததில்லை. சங்கிலி ஏட்டுக் குழுவிலோ செல்வர் ஒருவர் சினந்தால் அவர் சினமே தீர்ப்புப் போலத் தோன்றும். எதிர்வாக்கு விழுந்தது என்பது ஒருவர் தம் கருத்தைப் பொருளின் எடையோடு தெரிவித்தார் என்பதன்றி, குற்றம் மெய்ப்பிக்கப்பட்டது என்பதன்று. இவ்விரண்டையும் வேறு பிரித்தறியாமையே பல பூசல்களுக்குக் காரணமாயிற்று.

ஆயினும் வாய்மொழிப் பழியோடு ஒப்பிடுங்கால், எழுத்துப் பழி ஒரு வகையில் மேலானது. வாய்மொழிப் பழிக்கு உரியவர் எவரும் இல்லை. ‘யாரோ சொன்னார்’ என்றே அது தெருத்தெருவாகச் செல்லும். கம்போங் மேடான் மக்களுக்கு இதனை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. 2001 மார்ச் மாதத்தில் அங்கும் அதனை அடுத்த குடியிருப்புகளிலும் நிகழ்ந்த தாக்குதல்களில் ஆறு உயிர்கள் மாண்டன, காயமுற்றோர் பலர். அந்நாட்களில் எத்தனை வதந்திகள் வீடுதோறும் நுழைந்தன! அவற்றுள் எதனை முதலில் சொன்னவர் யார், எந்த நாழிகையில் சொன்னார் என்று பின்னர்க் காட்ட இயலுமா? சங்கிலி ஏட்டில் ஒருவர் பழி கூறினால் கூறியவர் கணக்கும், கூறிய வினாடியும், கூறிய சொல்லும் மாறாமல் நிற்கும். பழி கூறியவரும் தம் சொல்லை விழுங்க முடியாது. குற்றம் சாட்டப்பட்டவர்க்கு இதைக் காட்டிலும் பெரிய துணை வேறில்லை. ஆனால் அத்துணையைப் பயன்படுத்தும் முறையைப் பலர் அறியாமற் கெட்டனர்.

அவர் செய்யும் முதற் பிழை, ஆரூரர் செய்தது போல ஓலையைக் கிழித்தல். குற்றம் சாட்டப்பட்ட கட்டுரையை உடனே வெறுமையாக்குவர்; அல்லது வாசகத்தை மாற்றி எழுதுவர். மாற்றியது திரையில் தெரியும். மாற்றுவதற்கு முன் இருந்ததும் ஏட்டில் இருக்கும். மாற்றிய நேரமும் இருக்கும். பழி எழுந்த பத்தாம் நிமிடத்தில் ஒருவர் தம் கட்டுரையைத் துடைத்தார் என்னும் செய்தி, குற்றமற்றவரையும் குற்றவாளியாகக் காட்டிவிடும். குறிக்காமல் விட்ட மேற்கோளைக் குறிக்க வேண்டுமாயின், பழைய வாசகத்தை விட்டுவைத்து, இன்ன நாளில் இத்திருத்தம் சேர்க்கப்பட்டது என்று அடியில் எழுதுதலே முறை. பதிவேட்டில் ஒற்றைக் கோடிட்டுச் சுருக்கொப்பமிடும் ஆசிரியர்க்கு இது புதிய பாடமன்று.

அடுத்து, அவ்வெழுத்துத் தம்முடையதுதானா என்று அறிதல் வேண்டும். சங்கிலி ஏட்டில் ஒவ்வோர் எழுத்தும் மறைத்திறவு ஒன்றினால் ஒப்பமிடப்படும். கட்டுரை எழுதவும் வாக்களிக்கவும் ஒரு திறவு, பணம் மாற்ற ஒரு திறவு, கணக்கின் உரிமைக்கே ஒரு திறவு என அவை பலவாம். சிலர் பல செயலிகளுக்கும் தம் பெயரில் எழுதும் இசைவைக் கொடுத்துவிட்டு மறந்துவிடுவர். பின்னர், தாம் உறங்கும் நேரத்தில் தம் கணக்கு எவர்க்கோ வாக்களித்திருப்பதைக் கண்டு திகைப்பர். ஒப்பம் திறவைக் காட்டும். திறவைப் பிடித்த கையைக் காட்டாது. உரிமைத் திறவே களவு போயின், முப்பது நாட்களுக்குள் மீட்புக்கெனக் குறித்து வைத்த நம்பிக்கைக் கணக்கின் துணையோடு மீட்க வழியுண்டு. அவ்வாறு மீட்ட செய்தியும் ஏட்டில் பதிவாகும். ‘என் கணக்கு களவாடப்பட்டது’ என்று வெறுமனே சொல்வோர்க்கும், மீட்பு நடந்த நாளைக் காட்டுவோர்க்கும் உள்ள வேற்றுமை பெரிது.

நாளைக் காட்டுவதிலும் நம் நாட்டார் கருத வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. ஏட்டில் உள்ள நேரம் உலகப் பொது நேரம். மலேசிய நேரம் அதற்கு எட்டு மணி முந்தியது. கம்போங் மேடானில் ஒருவர் பத்தாம் தேதி காலை ஏழு மணிக்கு எழுதியது, ஏட்டில் ஒன்பதாம் தேதி இரவு பதினொரு மணி எனப் பதிவாகும். யார் முந்தி எழுதினார் என்னும் களவு வழக்கில் இந்த எட்டு மணி நேரம் உண்மையைப் பொய்யாகவும் பொய்யை உண்மையாகவும் காட்டவல்லது. எனவே, விடை எழுதுவோர் இரு நேரத்தையும் குறித்தல் நன்று.

இனி, விடையின் உள்ளீடு யாதாக இருத்தல் வேண்டும்? கோவலன் வரலாறு இங்கு நினைவிற்கு வருதல் இயல்பு. பொற்கொல்லன் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் பாண்டியன் ஆராயாது ஆணையிட்டான். கோவலனுக்கு விடைகூற அவையே கிட்டவில்லை. பின்னர் அவைக்கு வந்த கண்ணகியும் சினம் மிக்கவளே. ஆயினும் அவள் வழக்கை வென்றது சினத்தாலன்று. தன் சிலம்பில் உள்ளது மாணிக்கப்பரல் என்று கூறி, அரசியின் சிலம்பில் உள்ளது முத்துப்பரல் என்பதனை மன்னன் வாயாலேயே வரச் செய்து, உடைத்துக் காட்டினாள். எதிரி மறுக்கவொண்ணாத ஒரு வேறுபாட்டை எடுத்து, அதனை எல்லார் கண்முன்னும் சோதிக்கத் தந்தாள். குற்றம் சாட்டுவோர் ‘இவர் எப்போதும் களவாடுபவர்’ என்று பொதுப்படக் கூறினால், ‘எக்கட்டுரை, எப்பகுதி, எம்மூலத்திலிருந்து?’ என்று கேட்டல் வேண்டும். அவர் குறிப்பிட்டுச் சொன்ன பின்னர், அப்பகுதிக்கு மட்டும் விடை தருதல் வேண்டும். தம் பழைய வலைப்பக்கத்திலிருந்து எடுத்ததாயின், அப்பழைய பக்கத்திலேயே தம் புதிய கணக்கின் பெயரை எழுதிக் காட்டினால் போதும். அங்கே எழுதும் உரிமை பழைய ஆசிரியர்க்கன்றிப் பிறர்க்கு இல்லை. இது சிலம்பை உடைத்துக் காட்டுதல் போன்றது. பத்துப் பக்கத்தில் எழுதும் தன்வரலாற்றை விட இவ்வொரு வரி வலியுடைத்து.

ஒரு பகுதி மெய்யாயின் அப்பகுதியை ஒப்புக்கொள்ளல் வேண்டும். மூன்று கட்டுரைகளுள் ஒன்றில் மூலத்தைக் குறிக்க மறந்தவர், மூன்றையும் மறுத்தால், அந்த ஒன்றினால் மற்ற இரண்டிலும் நம்பிக்கை இழப்பார். நண்பர்களைக் கூட்டித் தம் விடைக்கு வாக்குகளைக் குவித்தலும் தகாது. விடைக்குப் பொருள் வந்தால், ‘பழியையும் வாணிகமாக்கினார்’ என்னும் புதிய பழி எழும். தம் எழுத்துக்குப் பரிசு வேண்டா என்று குறிக்கும் வசதி அங்கே உண்டு. விடைக் கட்டுரையில் அதனைக் குறித்து வைப்போர் அறிவுடையோர்.

தனியொருவர்க்கு நேரும் பழி இவ்வாறாக, ஒரு குழு முழுவதுமே பழிக்கு ஆளான நிகழ்ச்சியும் அங்கே நடந்தது. 2020 பிப்ரவரியில், ட்ரான் என்னும் மற்றொரு சங்கிலி ஏட்டின் தலைவர் ஜஸ்டின் சன் ஸ்டீமிட் நிறுவனத்தை விலைக்கு வாங்கினார். அந்நிறுவனத்திடம் தொடக்க நாளிலேயே சேர்ந்த நாணயம் பெருந்தொகை. மொத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு எனப்பட்டது. அதனைக் குழுவின் வளர்ச்சிக்கே செலவிடுவதாகவும், ஏட்டைக் காக்கும் சாட்சியாளர் தேர்தலில் அதைக் கொண்டு வாக்களிப்பதில்லை என்றும் பழைய நிர்வாகத்தார் கூறிவந்தனர். சாட்சியாளர் என்போர் ஏட்டில் பக்கம் எழுதும் பொறுப்பினர். உறுப்பினர் வாக்கில் முன்னிற்கும் இருபதின்மரே ஏட்டின் போக்கை முடிவு செய்பவர். புதியவர் பழைய வாக்குறுதியைக் காப்பாரா என ஐயுற்ற சாட்சியாளர்கள், அம்மாதம் 23ஆம் நாள், அந்நாணயத்தை அசைக்க இயலாதவாறு தற்காலிகமாகப் பூட்டினர்.

‘விலை கொடுத்து வாங்கிய என் பொருளைப் பறித்தனர்’ என்றார் ஜஸ்டின் சன். ‘பொதுப் பொருளைத் தனியுடைமையாக்க முயல்கிறார்’ என்றனர் சாட்சியாளர். இரு பக்கமும் பழி, நடுவர் இல்லை. மார்ச் 2ஆம் நாள் பைனான்ஸ், ஹுவோபி, போலோனியெக்ஸ் ஆகிய நாணயப் பரிமாற்ற நிலையங்கள், தம்மிடம் வாடிக்கையாளர் வைத்திருந்த நாணயங்களைக் கொண்டு வாக்களித்து, பழைய சாட்சியாளரை வீழ்த்திப் புதியவரை அமர்த்தின. வாக்களிப்பதற்காகப் பூட்டிய நாணயத்தை முழுதும் மீட்க அப்போது பதின்மூன்று வாரங்கள் ஆயின. பிறர் பணத்தைக் கொண்டு வாக்களிக்க உமக்கு யார் உரிமை தந்தார் என்று கேள்வி எழுந்தது. அதனை மறுக்க வழியில்லை. எக்கணக்கு, எந்நேரத்தில், யார்க்கு வாக்களித்தது என்பது ஏட்டில் எவரும் காணுமாறு நின்றது. சில நாட்களில் பைனான்ஸும் ஹுவோபியும் தம் வாக்குகளைத் திரும்பப் பெற்றன. ஏட்டின் படி பலர் கையில் இருந்ததனால் விளைந்த நன்மை இது.

இதுவரை பழைய குழுவினர் பக்கம் நியாயம் இருந்ததாகவே தோன்றும். அடுத்து அவர்கள் செய்ததே ஆராயத்தக்கது. 2020 மார்ச் 20ஆம் நாள் அவர்கள் ஏட்டைக் கிளைபிரித்து, ஹைவ் என்னும் புதிய ஏட்டைத் தொடங்கினர். பழைய ஏட்டில் நாணயம் வைத்திருந்தவர்க்கெல்லாம் புதிய ஏட்டிலும் அதே அளவு நாணயம் வழங்கப்பட்டது. ஆனால் ஸ்டீமிட் நிறுவனத்தின் நாணயம் விலக்கப்பட்டது. அத்துடன், ஜஸ்டின் சன் பக்கத்துச் சாட்சியாளர்க்கு வாக்களித்தவர் எனப் பட்டியலிட்ட உறுப்பினர் சிலர்க்கும் நாணயம் மறுக்கப்பட்டது. தாமே வாக்களித்தவர் மட்டுமல்லர். தம் வாக்கை வேறொரு கணக்கிடம் ஒப்படைத்திருந்து, அக்கணக்கு அவ்வாறு வாக்களித்தமையால் பட்டியலில் வீழ்ந்தவரும் உளர். கொரிய நாட்டு உறுப்பினர் பலர்க்கு நேர்ந்தது இதுவே. அவர்களை அழைத்து, ‘நீவிர் ஏன் இவ்வாறு செய்தீர்?’ என்று எவரும் கேட்கவில்லை. கொடுங்கோன்மையை எதிர்த்து எழுந்தவர்கள், பாண்டியன் செய்ததனையே சிறிய அளவில் தாமும் செய்தனர் எனின் மிகையாகாது.

விலக்கப்பட்டவருள் சிலர் ஏசினர். சிலர் பழைய ஏட்டிலேயே தங்கினர். வேறு சிலர் முறையிட்டனர். தம் வாக்கு வரலாற்றையே சான்றாகக் காட்ட அவர்களுக்கு வழி இருந்தது. வாக்கை ஒப்படைத்தது எந்நாள், பேராளர் கணக்கு வாக்களித்தது எந்நாள், திரும்பப் பெற்றது எந்நாள் என்பன ஏட்டிலேயே இருந்தன. ஹைவ் குழுவில் பொது நிதிக்கென அமைந்த முன்மொழிவு வாக்கெடுப்பையே முறையீட்டு மன்றமாகப் பயன்படுத்தினர். போதிய வாக்குப் பெற்றவர்களின் நாணயம், 2020 அக்டோபரில் ஏட்டின் விதிகள் புதுப்பிக்கப்பட்ட போது அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது. ஏழு மாதம் கழித்தேனும் ஒரு குழு தன் தண்டனையைத் தானே திருத்திய நிகழ்ச்சி இது. அங்கும் முடிவு செய்தது முதலின் எடை கொண்ட வாக்கே என்பதையும் மறத்தலாகாது. நல்ல சான்று வைத்திருந்தும் பெரிய பங்காளர் கண்ணில் படாது போனவர்க்கு அவ்வழி அடைபட்டதே.

மறுபக்கத்தாரும் வாளாவிருக்கவில்லை. அவ்வாண்டு மே 20ஆம் நாள், ஸ்டீம் ஏட்டில் 64 கணக்குகளின் நாணயம் விதிமாற்றம் ஒன்றினால் பறிக்கப்பட்டது. அத்தொகை 2 கோடியே 36 லட்சம் ஸ்டீம். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 50 லட்சம் அமெரிக்க வெள்ளி. அக்கணக்குகளுக்கு உரியவர்கள் ஏட்டிற்குத் தீங்கு செய்தவர்கள் என்பது காட்டப்பட்ட காரணம். பறித்த நாணயம் ஒரு கணக்கில் சேர்க்கப்பட்டது. சேர்ந்த அன்றே அது அங்கிருந்து பிட்ரெக்ஸ் என்னும் பரிமாற்ற நிலையத்திற்கு, இது உரியவரிடமிருந்து களவாடப்பட்ட பொருள் என்னும் கருத்துப்பட்ட குறிப்புடன் அனுப்பப்பட்டுவிட்டது! அனுப்பியவர் யார் என்பது புலப்படவில்லை. அனுப்பிய குறிப்பு மட்டும் ஏட்டில் உள்ளது. களவு என்னும் ஒரே சொல்லை மூன்று திங்களுக்குள் இரு பக்கத்தாரும் ஒருவர்மீதொருவர் எறிந்தமை காண்க.

நாட்டின் நீதிமன்றம் இவற்றில் தலையிட இயலாதா என்று கேட்கலாம். மலேசியாவில் அவதூறுச் சட்டம் 1957ஆம் ஆண்டு முதல் உண்டு; சங்கிலி ஏட்டில் எழுதியதாயினும் அவதூறு அவதூறே. 1950ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 114ஏ பிரிவு இன்னும் நெருக்கமானது. ஒருவர் பெயரோ படமோ புனைபெயரோ தாங்கி ஓர் எழுத்து வெளிவந்தால், மாறாக மெய்ப்பிக்கும் வரை அவரே அதனை வெளியிட்டவர் என்று அப்பிரிவு கொள்ளும். களவு போன திறவின் வரலாற்றைப் பேணி வைத்தல் ஏன் இன்றியமையாதது என்பது இதனால் விளங்கும். ஆனால் கோலாலம்பூர் நீதிமன்றம், எழுதியவரை மன்னிப்புக் கேட்கவும் இழப்பீடு தரவும் பணிக்கலாமேயன்றி, பல நாடுகளிலும் சிதறிக் கிடக்கும் படிகளிலிருந்து அவ்வெழுத்தை நீக்கச் செய்தல் நடைமுறையில் அரிது. நீக்க முடியாத எழுத்தின் அருகே, அதே வலிமையோடு நிற்கும் மறுமொழி ஒன்றை எழுதி வைப்பதே குற்றம் சாட்டப்பட்டவர்க்கு எஞ்சும் வழி.

அம்மறுமொழியை எங்கே எழுதுவது என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஏடு இரண்டாகப் பிரிந்த 2020 மார்ச் 20ஆம் நாள் வரை எழுதப்பட்டவை யாவும் ஸ்டீம், ஹைவ் ஆகிய இரு ஏடுகளிலும் ஒன்றுபோல் உள்ளன. 2018இல் ஒருவர் மீது எழுதிய பழியும் இரண்டிலும் உள்ளது. அவர் அதற்கு 2021இல் ஹைவில் விடை எழுதியிருப்பின், அவ்விடை ஹைவில் மட்டுமே இருக்கும். ஸ்டீமைத் திறந்து படிப்பவர்க்குப் பழி மட்டுமே கண்ணிற்படும். பழைய பழிக்கு இன்று விடை எழுதப் புகுவோர் அதனை இரண்டு ஏட்டிலும் தனித்தனியே எழுத வேண்டியிருக்கின்றது.